தோல் புற்றுநோய் மரணங்களைக் குறைத்த மருந்துகள்: நம் தோலுக்கு அவை எவ்வளவு உதவும்?

ஒரு புற்றுநோயின் மரண விகிதம் மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய 18 விழுக்காடு இறங்குவது மருத்துவ உலகில் அடிக்கடி நடக்கும் காரியமன்று. அமெரிக்காவில் மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோயில் அது நடந்தது. 1986 முதல் 2013 வரை அந்நோயால் இறந்த வெள்ளையர்களின் விகிதம் மெல்ல மெல்ல ஏறி 7.5 விழுக்காடு கூடியிருந்தது. 2013-க்குப் பிறகு நிலைமை தலைகீழாகத் திரும்பியது. 2016-க்குள் அந்த விகிதம் 17.9 விழுக்காடு குறைந்தது. நியூயார்க், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்கு இது. 2011 முதல் அடுத்தடுத்து வந்த புதிய மருந்துகளே இதற்கு முதன்மைக் காரணம் என்று அவர்கள் கருதுகின்றனர்.

இந்தச் செய்தியைப் படிக்கும் மலேசியத் தமிழருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றலாம். 'அது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய்' என்பது ஒன்று. 'வந்தாலும் மருந்துதான் இருக்கிறதே' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். மெலனோமா கருத்த தோலில் அரிதாகவே வருகிறது. ஆனால் வரும்போது வேறு இடத்தில் வருகிறது, தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. வெள்ளையர் நாடுகளில் மரணத்தைக் குறைத்த அதே மருந்துகள் அதனிடம் அந்த அளவுக்கு வேலை செய்வதும் இல்லை.

தோல் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. அதில் அதிகம் வருவது பேசல் செல் வகை. அது மெதுவாக வளரும், உயிரைப் பறிப்பது மிக அரிது. அடுத்தது ஸ்குவாமஸ் செல் வகை. மூன்றாவதான மெலனோமாவின் எண்ணிக்கை குறைவு, ஆனால் தோல் புற்றுநோய் மரணங்களில் பெரும்பகுதி அதனால்தான் நேர்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளை உண்டாக்கும் உயிரணுக்களில் அது தொடங்குகிறது. தொடக்கத்தில் ஒரு மச்சம் போலவே இருக்கும். தோலுக்குள் ஆழமாக இறங்கியதும் நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கும் பரவும். தோலில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர். பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்த மில்லிமீட்டர் கணக்கில் அடங்கிவிடுகிறது.

2011-க்கு முன்பு, பரவிவிட்ட மெலனோமாவுக்கு மருத்துவர்களின் கையில் இருந்தது மிகக் கொஞ்சம். டாகார்பசின் என்ற கீமோதெராபி மருந்து 1975 முதல் புழக்கத்தில் இருந்தது. அதைப் பெற்றவர்களில் ஏழு பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்குவது நிச்சயமில்லை. சுருங்கினாலும் ஆயுள் நீண்டது என்று நிரூபிக்க முடியவில்லை. உடல் முழுதும் பரவிய நோயாளிகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்தனர்.

புதிதாக வந்த மருந்துகளை இரு வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, புற்று உயிரணுவின் ஒரு குறிப்பிட்ட கோளாறைத் தாக்குவது. வெள்ளையர்களின் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் என்ற மரபணு பழுதாகி, 'வளர், வளர்' என்று ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருப்பது 2002-இல் கண்டறியப்பட்டது. அந்தக் கட்டளையை அடக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பலன் வேகமாகத் தெரிந்தது, சில வாரங்களிலேயே கட்டிகள் கரைந்தன. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் நோய் மாற்று வழி கண்டுபிடித்துத் திரும்பியது. அதனால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என இரு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினர். அப்படிப் பெற்றவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 34 விழுக்காட்டினர்.

இரண்டாவது வகைதான் பெரிய திருப்பம். அது புற்றுநோயை நேராகத் தொடுவதே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைத்தான் தொடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து ஜாகாவை நினைத்துக்கொள்ளலாம். நம் இரத்தத்தில் டி உயிரணுக்கள் என்ற காவலர்கள் சுற்றி வருகின்றனர். அந்நியர் யார், வீட்டு ஆள் யார் என்று அவர்கள் பார்த்துப் பார்த்தே விடுவார்கள். வீட்டு ஆளையே அடித்துவிடாமல் இருக்க, அவர்களை அடக்கி வைக்கும் சில பிரேக்குகளும் உடலில் உண்டு. புற்று உயிரணு தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்திவிடுகிறது. போலி அடையாள அட்டையைக் காட்டியதும் ஜாகா சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிடுவது போலத்தான். புதிய மருந்துகள் அந்த பிரேக்கை எடுத்துவிடுகின்றன. பிறகு டி உயிரணுக்களே புற்றைத் தேடி அழிக்கின்றன.

சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கை ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன். பிடி-1 என்ற மற்றொன்றை 1992-இல் கண்டுபிடித்தது ஜப்பான் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு. 2018-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. முதல் பிரேக்கைத் தடுக்கும் இப்பிலிமுமாப் 2011 மார்ச்சிலும், இரண்டாவதைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூன்றும் முதலில் இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் மருந்துகளாகவே வந்தன.

இவற்றை உலகறியச் செய்தவர் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். 2015 ஆகஸ்ட்டில், 90 வயதில், தமக்கு மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக அவர் அறிவித்தார். பத்தாண்டுக்கு முன்பு என்றால் குடும்பத்தினர் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டிய செய்தி அது. கார்ட்டர் கல்லீரலில் அறுவை சிகிச்சையும், மூளைக்குக் கதிர்வீச்சும், கூடவே பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் பெற்றார். அந்த டிசம்பரிலேயே மூளையில் புற்றின் தடயம் இல்லை என்று தம் ஊர் தேவாலயத்தில் சொன்னார். 2024 டிசம்பர் 29-இல், 100 வயதில்தான் காலமானார்.

கார்ட்டரின் கதை ஒருவரின் அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். 945 நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. எல்லாரும் அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாத அல்லது பரவிவிட்ட மெலனோமா உள்ளவர்கள். நிவோலுமாப், இப்பிலிமுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தனர். நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் அது 37 விழுக்காடு, இப்பிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 விழுக்காடு. ஓராண்டைத் தாண்டுவதே அரிதாக இருந்த நோய் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

விலை இல்லாமல் இது கிடைக்கவில்லை. பிரேக் இல்லாத காவலர் வீட்டு ஆளையும் அடிக்கக்கூடும். குடல் வீங்கி ஓயாத வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தைராய்டு கோளாறு ஆகியவை வரலாம். இரண்டு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு கொடுத்து அடக்கலாம், ஆனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்தால் அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

எண்களைப் பற்றி ஒரு விளக்கம் இங்கே தேவை. நாளிதழ்களில் 'பிழைப்போர் விகிதம்' கூடியது என்று வரும் செய்தியைக் கொஞ்சம் நிதானித்தே படிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தே இல்லாத சின்னச் சின்ன மெலனோமாக்களை அதிகமாகக் கண்டுபிடித்தால், மருந்து எதுவும் மாறாமலேயே பிழைப்போர் விகிதம் ஏறிவிடும். மொத்த மக்கள்தொகையில் இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை பேர் இறந்தனர் என்ற மரண விகிதத்தை அப்படி ஏற்ற இறக்க முடியாது. அதனால்தான் 17.9 என்ற எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்கும் இதை ஒட்டியே இருக்கிறது. 2013 முதல் 2017 வரை 20-64 வயதினரிடையே மெலனோமா மரண விகிதம் ஆண்டுக்கு 7 விழுக்காடு வீதம் குறைந்ததாக அச்சங்கம் கூறியது.

கருத்த தோலில் கணக்கு மாறுகிறது

மேலே சொன்ன ஆய்வு வெள்ளையர்களை மட்டுமே கணக்கிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் வாழ்நாளில் மெலனோமா வரும் வாய்ப்பு வெள்ளையர்களில் ஏறக்குறைய 33 பேரில் ஒருவருக்கு, கறுப்பினத்தவரில் 1,000 பேரில் ஒருவருக்கு. மெலனின் என்ற இயற்கைக் குடை அவ்வளவு நல்லது. ஆனால் அதே நாட்டில், மெலனோமா வந்த பிறகு ஐந்தாண்டு பிழைப்போர் வெள்ளையர்களில் 94 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 70 விழுக்காடு மட்டுமே. குறைவாக வரும் சமூகத்தில்தான் அதிக விகிதத்தினர் இறக்கின்றனர்.

காரணம், நோய் வரும் இடம். வெள்ளையர்களுக்கு மெலனோமா முதுகிலும் காலிலும் முகத்திலும், அதாவது வெயில் படும் தோலில் வருகிறது. ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவதே அதிகம். இதற்கு ஏக்ரல் மெலனோமா என்று பெயர். வெள்ளையர்களின் மெலனோமாக்களில் இது 100-இல் சிலவே. சீனாவில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். வெயிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. எனவே சன்ஸ்கிரீன் பூசினால் வராது என்றோ, பால்மரத்து நிழலிலும் செம்பனைத் தோப்பிலும் வேலை செய்தவர்களுக்குப் பயமில்லை என்றோ நினைத்துவிட முடியாது.

ரெகே பாடகர் பாப் மார்லியை நம்மூர் இளைஞர்கள் சட்டையிலும் காரிலும் பார்த்திருப்பார்கள். அவர் இறந்தது இந்த நோயால்தான். 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தில் இருந்த புண்ணைக் கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணினர். பிறகுதான் நகத்தடியில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்க அவர் தம் மத நம்பிக்கையின் காரணமாகச் சம்மதிக்கவில்லை. 1981 மே 11-இல், 36 வயதில் இறந்தபோது நோய் மூளை வரை பரவியிருந்தது.

'இன்று இருந்திருந்தால் புதிய மருந்து அவரைக் காப்பாற்றியிருக்குமே' என்று தோன்றலாம். இங்கேதான் கொஞ்சம் கசப்பான உண்மை இருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமாவில் புற ஊதாக் கதிர்கள் மரபணுவை ஆயிரக்கணக்கான இடங்களில் சிதைத்திருக்கும். அப்படிச் சிதைந்த உயிரணு அந்நியன் போலவே காட்சியளிக்கும், பிரேக் எடுக்கப்பட்ட டி உயிரணு அதை எளிதில் அடையாளம் காணும். உள்ளங்கால் மெலனோமாவில் அத்தகைய சிதைவுகள் மிகக் குறைவு. அது வீட்டு ஆளைப் போலவே இருப்பதால், பிரேக்கை எடுத்தாலும் காவலருக்குப் பிடிபடுவதில்லை. மேற்கத்திய ஆய்வுகளில் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் மூவரில் ஒருவருக்காவது கட்டி சுருங்கியது. முந்தைய சிகிச்சை பலனளிக்காத சீன நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குத்தான் சுருங்கியது. பி-ராஃப் கோளாறும் ஆசியர்களின் மெலனோமாக்களில் கால்வாசி அளவில்தான் காணப்படுகிறது, உள்ளங்கால் வகையில் அதைவிடக் குறைவு. அதனால் அந்த மாத்திரைகளும் பலருக்குப் பொருந்துவதில்லை.

இதற்காக இம்மருந்துகள் நமக்குப் பயனற்றவை என்று முடிவு கட்டுவது தவறு. ஆறில் ஒருவர் என்பது பழைய கீமோதெராபியைவிட அதிகம், பலன் கிடைத்தவர்களில் பலருக்கு அது நீண்ட காலம் நிற்கிறது. ஆனால் நோய் முற்றிய பிறகும் மருந்து கைகொடுக்கும் என்று வெள்ளையர் நாட்டில் ஒருவர் நம்புவதற்கு இருக்கும் ஆதாரம், உள்ளங்காலில் நோய் வந்தவருக்கு இல்லை. அவருக்கு இன்னும் மிகச் சிறந்த சிகிச்சை, கட்டி மெலிதாக இருக்கும்போதே வெட்டி எடுப்பதுதான்.

விலையும் ஒரு காரணம். பெம்ப்ரோலிசுமாப் 2014-இல் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 150,000 டாலர். அன்றைய மதிப்பில் அது கிட்டத்தட்ட 5 லட்சம் ரிங்கிட். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டையும் பரவிய மெலனோமாவுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்வது வேறு, கிளினிக் அலமாரியில் இருப்பது வேறு. நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனையில் இத்தகைய மருந்து கிடைப்பது ஒதுக்கீட்டைப் பொறுத்தது. தனியாரில் என்றால் காப்புறுதி எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. பெம்ப்ரோலிசுமாப்பின் முக்கியக் காப்புரிமை அமெரிக்காவில் 2028-இல் முடிகிறது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களின் மலிவான பதிப்புகள் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

காலில் என்ன பார்க்க வேண்டும்?

மச்சம் பற்றிய விளம்பரப் பலகைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் கருப்புப் புள்ளியைக் காட்டுகின்றன. நம்மவர்கள் பார்க்க வேண்டிய இடம் சிலிப்பருக்குள் மறைந்திருக்கிறது. உள்ளங்காலிலோ கையிலோ புதிதாக வந்த, ஓரம் ஒழுங்கில்லாத, நிறம் ஒரே சீராக இல்லாத கறுப்புத் திட்டு வளர்ந்துகொண்டே போனால் காட்டியாக வேண்டும். சில சமயம் நிறமே இல்லாமல், சிவந்த சதைக் கட்டி போலவும் வரும். ஆணி என்றும் மரு என்றும் நினைத்துப் பிளேடால் சீவி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

நகத்தில் கறுப்புக் கோடு கருத்த தோலினருக்குச் சாதாரணம். பல விரல்களில் ஒரே மாதிரி மெல்லிய கோடுகள் பல ஆண்டுகளாக இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை. ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரலில், புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடு வேறு. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலுக்கும் பரவினால் அது கடுமையான எச்சரிக்கை. கல் விழுந்து இரத்தம் கட்டிய நகத்தையும் இதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரத்தக் கட்டு நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து போகும். மெலனோமா நகராமல் அதே இடத்தில் நிற்கும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நாட்டின் பெரிய இனங்களில் அதுவே மிக அதிகம். நம் வீடுகளில் காலில் ஆறாத புண் என்றால் உடனே 'சீனி கூடிவிட்டது' என்றுதான் பேச்சு. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளங்கால் மெலனோமாவை நீரிழிவுப் புண் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கட்டிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பல நாடுகளிலிருந்து பதிவாகியுள்ளன. அதேபோல் பழைய தீக்காயத் தழும்பிலும் பல ஆண்டு ஆறாத புண்ணிலும் ஸ்குவாமஸ் செல் புற்று வரக்கூடும். சீனி கட்டுக்குள் இருந்தும், ஒழுங்காகக் கட்டுப் போட்டும், ஓரிரு மாதத்தில் ஆறாத புண்ணுக்கு 'சதையை எடுத்துச் சோதிக்கலாமா' என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

அந்தச் சோதனைக்குத்தான் பலர் பின்வாங்குகின்றனர். 'கத்தி பட்டால் புற்று பரவிவிடும்' என்ற பேச்சு தோட்டத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடியிலும் உண்டு. மெலனோமாவில் அது உண்மையில்லை. சதை எடுத்துப் பார்க்காமல் கட்டியின் ஆழம் தெரியாது, ஆழம் தெரியாமல் எவ்வளவு வெட்டுவது, மருந்து தேவையா என்று எதையும் முடிவு செய்ய முடியாது. நிணநீர் முடிச்சுக்குப் பரவிய நிலையில், வெட்டுவதற்கு முன்பே எதிர்ப்புச் சக்தி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2023, 2024-இல் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படிச் சிகிச்சையின் வரிசையைத் தீர்மானிப்பதற்கும் அந்தச் சதைத் துண்டுதான் அடிப்படை.

சந்தேகம் உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். பதிவுக் கட்டணம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். மற்ற நோய்க்காகப் போயிருந்தாலும் சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மாற்றம் தெரிய, கைப்பேசியில் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து மாதம் ஒரு முறை படம் எடுத்து வைத்திருந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். குனிந்து பார்க்க முடியாத முதியவர்களுக்கு மகனோ மருமகளோ பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணம், தீபாவளிக்குப் போட்ட மருதாணி நகத்தில் மாதக்கணக்கில் நிற்கும். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போகலாம், மருதாணியை அழிக்க முடியாது. எனவே அது எந்தத் தேதியில் போட்டது என்பதையாவது மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.